‘எடுப்பாருங்க’ என்றாள் கன்னியம்மா

கோர்ட்டு மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். பேச்சுவாக்கில், "ஐயா, இத்தனை வருஷ சர்வீஸில் உங்களை ரொம்பப் படுத்தின இங்கிலீஷ் வார்த்தை எது?" என்று கேட்டார். சட்டப் புத்தகத்தில் வரும் ஏதாவது ஒரு நீளமான லத்தீன் சொல்லைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் நாலே எழுத்துள்ள ஒரு பழைய சொல்லைச் சொன்னேன். வோண்ட். அவர் சிரித்துவிட்டார். "மாட்டேன் என்கிறதுதானே ஐயா?" என்றார். அது வேறு, இது வேறு என்று ஆரம்பித்தேன். மழை கட்டிக்கொண்டு வந்ததால் அவர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அவரிடம் சொல்லாமல் போனதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஓசையில் இரண்டு சொல்லும் ஒன்றுதான். எழுத்தும் அதே நாலுதான்: w, o, n, t. நடுவே தலைக்கு மேல் ஒரு சின்னக் கீற்றுப் போட்டால் ‘மாட்டேன், மாட்டார்’ என்று மறுப்பு. கீற்று இல்லாவிட்டால் ‘வழக்கம்’. ஒருவர் தினமும் அந்தி நேரத்தில் மலையேறுவார் என்றால், அப்படி ஏறுவது அவருடைய ‘வோண்ட்’. இன்றைய பேச்சில் இந்தச் சொல் அநேகமாக இல்லை. பழைய எழுத்திலும் தேவாலய வாசிப்பிலும்தான் கண்ணில் படும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கே எங்களுக்கு இங்கிலீஷ் நடத்திய துரைசானி அம்மாள் இந்தச் சொல்லைப் பேச்சில் சாதாரணமாகச் சொல்வார். நான் தாமதமாக வந்தால், "தன் வழக்கப்படி" என்று அந்தச் சொல்லைப் போட்டுத்தான் என் பெயரைக் கூப்பிடுவார். அதனால் எனக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்ததற்கு வேறு பெருமை ஒன்றும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணி அப்போது தெலுங்கு ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. சாட்சிகள் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள். செஷன்ஸ் ஜட்ஜ் வெள்ளைக்காரர். இரண்டு பக்கமும் போய் வருகிற ஒரே வாய் என்னுடையது. எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒன்று சொன்னார்: "நீ குழாய். இந்தப் பக்கம் ஊத்தினது அந்தப் பக்கம் விழணும். குழாய்க்கு யோசனை கெடையாது." நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் கொஞ்ச காலம் நம்பினேன்.

முதல் வருஷமே அதில் ஓட்டை தெரிந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றார். வக்கீல் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நடுவிலேயே "ஆங், ஆங்" என்று கொண்டிருந்தார். நம் பக்கத்தில் ‘ஆங்’ என்றால் ஆமாம். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதற்கும் அதே ஆங்தான். ஒவ்வொரு ஆங்கையும் நான் ‘எஸ்’ என்று ஊற்றியிருந்தால், அந்த மனிதர் தன் வயலுக்குத் தானே தீ வைத்ததாக ஒப்புக்கொண்டிருப்பார். கேள்வி முடிகிறவரை வாய் திறக்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல ஜட்ஜிடம் அனுமதி கேட்டேன். ஜட்ஜ் சிரித்துக்கொண்டே சரி என்றார். குழாய்க்கும் சில சமயம் யோசனை வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த யோசனை ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று கன்னியம்மா வழக்கில்தான் தெரிந்தது.

கன்னியம்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டும் கூலி வேலை. புருஷன் முனிரத்தினமும் அதே வேலைதான். அவளுக்கு ஒரே தம்பி, சுப்பிரமணி. தாய் இல்லாத பிள்ளையை அக்காதான் வளர்த்து, அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் தறி வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தாள். அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மூன்று பேரும் திருத்தணிக்கு வந்தார்கள். சுப்பிரமணி காவடி எடுத்துப் போய் இறக்கிவிட்டு வந்திருந்தான். மலையடிவாரக் குளத்தங்கரையில் மாமனுக்கும் மச்சானுக்கும் வார்த்தை தடித்தது. "பாவா, அக்காவ என்கூட அழைச்சிக்கினு போறேன்" என்று அக்கா புருஷனிடம் சுப்பிரமணி சொன்னான். முனிரத்தினம் இடுப்பில் இருந்த கத்தியால் அவனைக் குத்திவிட்டான். விபூதி பூசின உடம்போடு அந்தப் பையன் குளத்துப் படியிலேயே செத்துப் போனான்.

குத்தியது யார் என்பதில் சந்தேகம் இல்லை. முனிரத்தினமே மறுக்கவில்லை. வழக்கு முழுவதும் கத்தியைப் பற்றித்தான். சாமி கும்பிட மலைக்கு வருகிறவன் எதற்காகக் கத்தியோடு வந்தான்? கொல்ல நினைத்துக் கொண்டுவந்தான் என்றால் தூக்கு. என்றைக்கும்போல இடுப்பில் இருந்தது, கோபத்தில் கை போய்விட்டது என்றால் உயிர் தப்பலாம். பார்த்த சாட்சி கன்னியம்மா ஒருத்திதான் கடைசிவரை நின்றாள். மற்றவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகக் கலைந்துவிட்டிருந்தார்கள்.

அவள் கூண்டில் ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. குளித்து, தலையை இழுத்து முடிந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். செத்தவன் கூடப் பிறந்தவன். எதிர்க் கூண்டில் நிற்பவன் தாலி கட்டியவன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் பாஷையில் அவளோடு பேசுகிறவன் நான்தானே.

முனிரத்தினத்துக்காக வாதாடிய எதிரித் தரப்பு வக்கீல் இங்கிலீஷில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்: "உன் புருஷன் இடுப்பில் அந்தக் கத்தி எப்போதும் இருக்குமா?"

"ஆமாங்க. கரும்புல காஞ்ச சோகைய கழிக்கிற கத்திங்க அது. தூங்கறப்பதான் எடுத்துக் கீழ வெப்பாரு. கண்ணாலத்துக்குப் போனாலும் அதோடதான் போவாரு."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். உடனே சர்க்கார் வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். கையில் கீழ்க் கோர்ட்டிலிருந்து வந்த டைப் நகல். அங்கே அவள் கொடுத்த வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டு இங்கிலீஷில் கையால் எழுதியிருக்கிறார், யாரோ ஒரு குமாஸ்தா அதை டைப் அடித்திருக்கிறார்.

"அங்கே இவள் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறாள்" என்றார் ஜட்ஜைப் பார்த்து. "கத்தி எடுத்துப் போகமாட்டார் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது புருஷனைக் காப்பாற்ற மாற்றிச் சொல்கிறாள். அந்த வரியை மொழிபெயர்ப்பாளர் அவளுக்கு வாசித்துக் காட்டட்டும்." நகலை என்னிடம் நீட்டினார்.

நான் வாசிப்பதற்கு முன்பே கன்னியம்மாவுக்கு ஏதோ தப்பு என்று புரிந்துவிட்டது. "இன்னா சொல்றாருங்க? நான் பொய் சொல்றன்னா?" என்று என்னிடம் கேட்டாள்.

வரியைப் பார்த்தேன். ‘வோண்ட்’ இருந்தது. தலைக்கு மேல் கீற்றும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ‘வாஸ்’ இருந்தது, பின்னால் ‘டு’ இருந்தது. மறுப்பாக இருந்தால் அந்த இரண்டும் அங்கே நிற்க முடியாது. மாஜிஸ்திரேட்டு பழைய சொல்லை எழுதியிருக்கிறார், டைப் அடித்தவர் அவருக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு கீற்றைச் சேர்த்திருக்கிறார். சர்க்கார் வக்கீலோ, கீழ்க் கோர்ட்டு இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கும் என்று தாண்டிப் போயிருக்கிறார்.

கையில் தாளோடு நின்றேன். என் வேலை எழுதியிருப்பதை வாசிப்பது. எழுதியிருப்பதோ ‘மாட்டார்’. பக்கத்தில் சர்க்கார் வக்கீல், "வாசியுங்கள், வாசியுங்கள்" என்கிறார். ஜட்ஜ் பேனாவை எடுத்துவிட்டார். குழாய் என்று சொன்னவரின் குரல் காதில் கேட்டது. அந்த நிமிஷத்தில் நான் தைரியசாலியாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"மன்னிக்க வேண்டும்" என்று ஜட்ஜிடம் சொன்னேன். "இந்தச் சொல்லில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கையெழுத்து மூலத்தைப் பார்த்துவிட்டு வாசிக்க அனுமதி வேண்டும்."

சர்க்கார் வக்கீல் முகம் சிவந்தது. மூலம் வந்தது. ஜட்ஜ் தாமே வாங்கிப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் தாய்மொழி அல்லவா. கீற்று இல்லை. ‘கத்தி வைத்திருப்பது அவர் வழக்கம்.’ ஜட்ஜ் சின்னதாகச் சிரித்தார். இந்த அருமையான பழைய சொல்லை இவ்வளவு தூரத்தில், ஒரு கரும்பு வெட்டுகிறவனின் வழக்கில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்றார். கோர்ட்டில் இருந்தவர்கள் அவருக்காகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கன்னியம்மா மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றாள்.

"நீ பொய் சொல்லலம்மா. அங்க சொன்னதும் இங்க சொன்னதும் ஒண்ணுதான்" என்று அவளிடம் சொன்னேன். அவள் கும்பிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால், நான் ஒரு மனிதனைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றிய கதையாக இதை உங்களிடம் பெருமையோடு சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் சர்க்கார் வக்கீல் உட்காரவில்லை. அடிபட்ட ஆள். அதே சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சரி. கத்தி வைத்திருப்பது வழக்கம். கோபம் வந்தால் அதை வெளியில் எடுப்பாரா என்று கேளுங்கள்."

கேட்டேன்.

கன்னியம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "எடுப்பாருங்க" என்றாள்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் நாம் எல்லோரும் தினமும் சொல்கிற சொல். நாளை எடுப்பார் என்றாலும் ‘எடுப்பார்’தான். தினமும் எடுக்கிறவர் என்றாலும் ‘எடுப்பார்’தான். எடுத்தாலும் எடுப்பார், யார் கண்டது என்ற சந்தேகத்துக்கும் அதே சொல்லைத்தான் இழுத்துச் சொல்கிறோம். வழக்கம் என்பது நம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு அதற்குத் தனிச் சொல் வேண்டும். அவள் எதைச் சொன்னாள்? மழுப்பலாக ஒரு இங்கிலீஷ் சொல்லைப் போட்டு, ‘எடுக்கலாம்’ என்கிற மாதிரி சொல்லிவிட்டால் ஜட்ஜ் அதை ஒரு மனைவியின் பயமாக எடுத்துக்கொள்வார், மேலே போய்விடுவார். எதிரித் தரப்பு வக்கீல் என்னைப் பார்த்த பார்வை அதைத்தான் கேட்டது. யாரும் என்னைத் தப்புச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு சொல்லில் சந்தேகம் என்று எழுந்து நின்றவன் நான். முனிரத்தினத்துக்கு நல்லது செய்யும் இடத்தில் மட்டும் சந்தேகப்படுவது, மற்ற இடத்தில் கண்ணை மூடிக்கொள்வது என்று எனக்குள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. குளத்துப் படியில் செத்துப்போன பையனுக்குப் பேச அங்கே யாரும் இல்லை என்ற நினைப்பும் வந்தது. இதையும் விளக்கிக் கேட்க அனுமதி கேட்டேன். ஜட்ஜ் தலையசைத்தார்.

"ஏம்மா, எடுப்பாருன்னு சொன்னியே. எடுத்தாலும் எடுப்பாருன்னு சொல்றியா, இல்ல எடுத்தத நீ பாத்திருக்கியா?"

அவள் எதிர்க் கூண்டைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நெற்றி வியர்த்து, குங்குமம் மூக்கின் பக்கமாக இறங்கியிருந்தது.

"எப்பவும் எடுப்பாருங்க" என்றாள். "எம்மேலதான் எடுப்பாரு. வெட்டினது கெடையாது. கழுத்தாண்ட வெச்சிக்கினு நிப்பாரு. நான் மூச்சு வுடாம நிப்பேன். கோவம் போனாக்கா எடுத்துடுவாரு. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி கஞ்சி ஊத்துன்னுவாரு. பொங்கலுக்கு வந்தப்ப என் தம்பி அதப் பாத்துட்டான். அதுக்குத்தாங்க அன்னிக்கி அழைச்சிக்கினு போறேன்னான்."

"குளத்தங்கரையில் என்ன நடந்தது?" ஜட்ஜ் தாமே கேட்டார்.

"அன்னிக்கும் எம்மேலதான் எடுத்தாரு. தம்பி குறுக்க வந்தான். ‘பாவா, கைய எடு’ன்னான். எனக்கு வெச்சது அவனுக்குப் போச்சிங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அழுகை அடங்கும்வரை நேரம் கிடைத்திருக்கும். உடனே சொல்ல வேண்டியிருந்தது. மனைவி கழுத்தில் கத்தி வைப்பது இவர் வழக்கம் என்று, எந்தச் சொல்லுக்காகக் கோர்ட்டே சிரித்ததோ அதே சொல்லைப் போட்டுச் சொன்னேன். வேறு எந்தச் சொல்லும் அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை. இந்தத் தடவை ஜட்ஜ் சிரிக்கவில்லை. நிதானமாக எழுதிக்கொண்டார்.

தீர்ப்பில் தூக்கு இல்லை. கொல்வதற்கென்று கத்தி கொண்டுவரவில்லை என்பதை ஜட்ஜ் ஏற்றுக்கொண்டார். ஆனால் இது ஒரு நொடிக் கோபம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. வருஷக்கணக்காகக் கத்தியைக் காட்டிப் பழகியவன், அது என்ன செய்யும் என்று தெரிந்தவன் என்று எழுதினார். ஆயுள் தண்டனை.

போலீஸ்காரர்கள் அவனை வெளியே அழைத்துப் போகும்போது கன்னியம்மா வேப்பமரத்தடியில் நின்றாள். அவன் அவளைத் தாண்டிப் போகும்போது நின்று, "கரும்பு வெட்டுக்கு ஒண்டியா போவாத. யாருகூடயாவது போ" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வண்டி போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஐயா, நீங்க மறுபடி கேட்டீங்களே, அது எதுக்குங்க?"

"நீ சொன்னது எனக்குச் சரியா வெளங்கலம்மா. தப்பா சொல்லிடக் கூடாதுன்னு கேட்டேன்."

"நீங்க கேக்காம இருந்திருந்தா நான் அதச் சொல்லியிருக்க மாட்டேன். எங்க அம்மா இருந்திருந்தா அவகிட்டகூட சொல்லியிருக்க மாட்டேன்." அவிழ்ந்த கொண்டையை இழுத்து முடிந்துகொண்டாள். "அவரு சீக்கிரம் வரணும்னு சாமிய வேண்டிக்கினுதான் கூண்டுல ஏறினேன். எறங்கறப்ப இன்னா வேண்டிக்கினேன்னு எனக்கே தெரியல. சொன்னது நல்லதாங்க, கெட்டதாங்க?"

"நீ உண்மையச் சொன்னம்மா" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆங் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.

பிறகு ஒரு நாள் அந்தச் சொல்லைப் பெரிய அகராதியில் தேடினேன். மிகப் பழைய இங்கிலீஷில் அதற்கு ‘குடியிருத்தல்’ என்று பொருள் இருந்ததாம். ஒருவனுக்குள் குடியேறிவிட்டதுதான் வழக்கம் என்று ஆகியிருக்கிறது. கோர்ட்டில் அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, முனிரத்தினத்துக்குள் குடியிருந்ததைப் பற்றி மட்டும்தான் நாங்கள் எல்லோரும் பேசினோம். ஜட்ஜ், வக்கீல்கள், நான், எல்லோரும்தான். கன்னியம்மாவுக்குள் என்ன குடியேறியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டத்திலும் இல்லை.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஒரு கிருத்திகை நாளில் அவர்களைத் திருத்தணியில் பார்த்தேன். மலையடிவாரத்தில், கடைகளுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முனிரத்தினத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஜெயிலில் காசநோய் வந்து, தண்டனையில் கொஞ்சம் கழித்து, வீட்டில் சாகட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். எலும்பின் மேல் வேட்டி சுற்றியிருந்தது போல இருந்தான். கன்னியம்மாதான் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். அவன் அங்கிருந்தே என்னைக் கும்பிட்டான். கும்பிடக் கையைத் தூக்கவே சிரமப்பட்டான்.

"நல்லா கீறியாம்மா?" என்றேன்.

"கீறேங்க. அவரு இப்ப ஒரு சத்தம் போடறதில்ல. குளத்தாண்ட போய் தம்பி வுழுந்த எடத்துல வுழுந்து கும்புட்டாரு. கத்தியா, அதெல்லாம் கையில தொடறதே கெடையாது. காய் அரியறதுகூட நான்தான்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ராவுல தண்ணிக்கு கைய நீட்டுவாரு பாருங்க, நான் என்னையறியாம பின்னால போயிடறேன். வேணும்னு போறதில்லீங்க. மனசுல பயமும் இல்ல. கால் தானா போவுது. அவரு அதப் பாத்துட்டு கைய இழுத்துக்கறாரு. தண்ணியே வேணாம்னு படுத்துக்கினு அழுவறாரு. நானும் மாத்திக்கலாம்னுதான் பாக்கறேன். முடியலீங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ டாக்டரைப் பற்றிச் சொல்லியிருப்பேன். மேலே ஏறப் போகிறோம், படி அவருக்கு முடியாது, முடிந்தவரைக்கும் ஏறுவோம் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போனாள். அவன் தரையில் கை ஊன்றி எழுந்தான். படிக்கட்டில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அந்த நெரிசலிலும் அவர்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் இடம் இருந்தது. அவன் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினான். அவள் தண்ணீர்ச் செம்பை ஏந்திக்கொண்டு, அவன் விழுந்தால் பிடிக்கிற கவனத்தோடு, அவன் கைக்கு எட்டாத தூரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.